தலை நோகாமல் நீளமுடியைக் கட்டுவது எப்படி?

நீளமுடி வைத்திருப்பவர் தலை நோகிறது என்று சொன்னால் வீட்டில் இரண்டு மருத்துவம் தயாராக இருக்கும். "முடி கனம் தாங்கல, பாதியா வெட்டிவிடு" என்பது ஒன்று. "உடம்பு சூடு, நல்லா எண்ணெய் வச்சு இறுக்கிப் பின்னு" என்பது இன்னொன்று. முதலாவதைக் கேட்டு ஆசையாக வளர்த்த முடியை வெட்டியவர்கள் உண்டு. வெட்டிய பிறகும் அதே இறுக்கத்தில் குதிரைவால் போட்டுக்கொண்டு, அதே இடத்தில் வலிக்கிறது என்று புலம்புபவர்களும் உண்டு. இரண்டாவது மருத்துவம் இன்னும் மோசம். நோகும் தலையை இறுக்கிப் பின்னச் சொல்கிறது.

நீளமுடியும் நோகாத தலையும் ஒன்றாக இருக்க முடியும். அதற்கு வலி எங்கிருந்து வருகிறது என்று கொஞ்சம் தெரிந்தால் போதும். அதன் பிறகு எந்தப் பின்னல், எந்தக் கொண்டை, எந்த கிளிப் என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளலாம்.

## கனம் என்பது எவ்வளவு கனம்?

முதலில் கணக்கைப் போட்டுவிடுவோம். ஒருவர் தலையில் ஏறத்தாழ ஒரு லட்சம் முடி இருக்கும். ஒரு முடியின் தடிமன் 0.07 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், 60 சென்டிமீட்டர் நீளமுள்ள முடி ஒன்றின் எடை 3 மில்லிகிராம் அளவில்தான் வரும். லட்சத்தால் பெருக்கினால் 300 கிராம். எல்லா முடியும் ஒரே நீளத்துக்கு இருக்காது, நுனி போகப் போக மெலியும். ஆகவே இடுப்பைத் தொடும் முடியின் எடையைக் கால் கிலோ என்று சொல்லலாம்.

ஆரோக்கியமான ஒரு முடி அறுபட வேண்டுமென்றால் 50 முதல் 100 கிராம் எடையை அதில் தொங்கவிட வேண்டியிருக்கும். அதாவது மூன்று மில்லிகிராம் சுமக்கும் முடிக்கு அதைப்போலப் பல ஆயிரம் மடங்கு தாங்கும் வலு இருக்கிறது. எல்லா முடியும் தன் தன் எடையைத் தானே சுமந்தால், அதாவது தலைவிரித்து நின்றால், யாருக்கும் வலிக்காது. வலிப்பதும் இல்லை. கட்டிய பிறகுதான் வலிக்கிறது.

அப்படியென்றால் கட்டும்போது என்ன நடக்கிறது?

## பந்தலும் முளைக்குச்சியும்

கல்யாண வீட்டு வாசலில் ஷாமியானா போடுவதைப் பார்த்திருப்பீர்கள். சுற்றிலும் இருபது முளைக்குச்சி அடித்து, ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு கயிறு மேலே போகும். இருபது கயிறும் ஒரே மாதிரி விறைப்பாக இருந்தால் பந்தலின் இழுப்பு இருபது பங்காகப் பிரிந்துவிடும். எந்தக் குச்சியும் அசையாது. பந்தல்காரர் அவசரத்தில் நான்கு கயிற்றை மட்டும் வெறித்தனமாக இழுத்துக் கட்டிவிட்டு மற்றதைத் தொளதொளவென்று விட்டால், பந்தல் நிற்கத்தான் செய்யும். ஆனால் மொத்த இழுப்பும் அந்த நான்கு குச்சிகளின் தலையில் விழும். கொஞ்ச நேரத்தில் அவற்றைச் சுற்றியுள்ள மண் விரிசல் விடும். பந்தலின் எடை கூடவில்லை. பங்குதான் சரியில்லை.

தலையிலும் இதுதான். முடி கயிறு. அது தோலுக்குள் ஊன்றியிருக்கும் பை போன்ற குழி முளைக்குச்சி இருக்கும் இடம். அந்தக் குழிக்கு மயிர்க்கால் என்று பெயர். சுற்றியுள்ள தலைத்தோல்தான் மண். கயிற்றுக்கு வலி தெரியாது. முடி உயிரற்ற புரதம், அதை வெட்டினால் நமக்கு எதுவும் தெரிவதில்லை. உயிரும் உணர்ச்சியும் மண்ணில்தான் இருக்கின்றன.

இறுக்கமாக ஒரு குதிரைவால் போட்டுக்கொண்டு கண்ணாடியில் பாருங்கள். நெற்றியோரம், கன்னப்பொறி, காதுக்குப் பின்புறம், பிடரி ஆகிய விளிம்பில் உள்ள முடிதான் வீணைத்தந்தி அளவுக்கு விறைத்திருக்கும். நடுத்தலையில் உள்ள பெரும்பகுதி முடி சும்மா கிடக்கும். வாலின் எடை, அது ஆடும் ஆட்டம், ரப்பர் பேண்டின் பிடி எல்லாவற்றையும் அந்த விளிம்பு முடி சில ஆயிரங்கள்தான் சுமக்கின்றன. அதிலும் கன்னப்பொறிப் பக்கம் முடி இயல்பாகவே மெல்லியது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இந்த இழுப்பில் பெரும்பங்கு முடியின் எடையால் வருவதே இல்லை. கட்டும்போது நம் கை எவ்வளவு இழுத்ததோ, அதை ரப்பர் பேண்ட் அப்படியே பூட்டி வைத்துக்கொள்கிறது. கை எடுத்தாலும் இழுப்பு நிற்பதில்லை. தோள்வரை முடி உள்ளவருக்கும் குதிரைவாலில் வலி வருவது இதனால்தான்.

இதுவரை சொன்னதைச் சுருக்கினால்: முடியின் எடை சிறியது. எத்தனை முடி அதைப் பங்கிட்டுக்கொள்கிறது, கட்டிய கை எவ்வளவு இழுப்பைப் பூட்டி வைத்தது என்ற இரண்டும்தான் தலைத்தோலுக்குத் தெரிகின்றன.

## தோலுக்கு அடியில்

ஒரே ஒரு முடியின் நுனியை மட்டும் விரலால் லேசாக அசைத்துப் பாருங்கள். தோலைத் தொடவே இல்லை, ஆனாலும் எந்த முடி அசைந்தது என்று தலைக்குத் தெரிந்துவிடும். ஒவ்வொரு மயிர்க்காலையும் நுண்ணிய நரம்பு முனைகள் சுற்றிப் பின்னியிருப்பதுதான் காரணம். முடி சாய்ந்தால் அவை உடனே சேதி அனுப்பும். அந்த வட்டாரத்திலேயே வலியைச் சொல்லும் நரம்பு முனைகளும் இருக்கின்றன. ஒரு நொடி இழுப்புக்கு அவை அதிகம் அலட்டிக்கொள்வதில்லை. மணிக்கணக்கில் இழுப்பு நீடித்தால் அவற்றின் பொறுமை குறைந்துகொண்டே வரும். அப்புறம் சாதாரணத் தொடுதலையே வலி என்று சொல்லத் தொடங்கும்.

இப்படித் தொட்டாலே வலிப்பதை மருத்துவத்தில் அலோடீனியா என்பார்கள். தமிழில் தொடுவலி என்று வைத்துக்கொள்ளலாம். மாலையில் கட்டை அவிழ்த்ததும், நிம்மதி வருவதற்குப் பதிலாக முடியை அசைத்தாலே நோகிறதே, அது தொடுவலிதான். ஒற்றைத் தலைவலி உள்ளவர்களில் பலருக்கு வலி வரும் நாளில் சீப்பு பட்டாலே தலை நோகும். அவர்களுக்குக் கட்டு இறுக்கமாக இருந்ததா இல்லையா என்பது மற்றவர்களைவிட அதிகமாகத் தெரியும்.

வலி எங்கே தெரிகிறது என்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. உச்சிக்கு முன்னால் உள்ள தலைத்தோலுக்கு முகத்துக்கு வரும் நரம்பின் கிளைகள் போகின்றன. பின்பக்கத்துக்குக் கழுத்திலிருந்து நரம்புகள் ஏறி வருகின்றன. நெற்றி முடியை வழித்து இழுத்துக் கட்டினால் புருவத்துக்கு மேலே வலி பரவுவதும், பிடரி முடியை மேலே தூக்கிக் கட்டினால் கழுத்தோடு சேர்ந்து நோவதும் அதனால்தான்.

முடி இழுபடுவதால் வரும் தலைவலி வெறும் பிரமை இல்லை. தலைவலிகளை வகைப்படுத்தும் பன்னாட்டுப் பட்டியலில் அதற்குத் தனி இடமே இருக்கிறது. அதன் அடையாளங்களில் ஒன்று நமக்கு மிகவும் பயன்படும்: இழுப்பை அவிழ்த்த ஒரு மணி நேரத்துக்குள் வலி போய்விட வேண்டும். போகாவிட்டால் காரணம் வேறாக இருக்கலாம், அல்லது அந்த இழுப்பு ஒற்றைத் தலைவலியைத் தட்டி எழுப்பியிருக்கலாம்.

## திசையும் நேரமும்

இங்கே பந்தல் உவமை போதாது. முளைக்குச்சியை எந்தப் பக்கமும் சாய்த்து அடிக்கலாம். முடிக்கு அந்தச் சுதந்திரம் இல்லை. ஒவ்வொரு மயிர்க்காலும் தோலுக்குள் ஒரு சாய்வில் அமைந்திருக்கிறது, இடத்துக்கு இடம் அந்தச் சாய்வு மாறும். உச்சியில் சுழி, பிடரியில் பெரும்பாலும் கீழ்நோக்கு, காதோரம் பின்னும் கீழுமாக. சாய்ந்த திசையிலேயே முடி போனால் மயிர்க்கால் சும்மா இருக்கும். எதிர்த்திசையில் மடக்கினால் முடியின் அடி ஒரு நெம்புகோலாக மாறி, உள்ளே நரம்பு முனைகளை ஒரு பக்கமாக அழுத்தும்.

பிடரி முடியை மேலே வாரிக் கட்டும் உச்சிக்கொண்டை நோகடிப்பது இதனால்தான். வேடிக்கை என்னவென்றால், உச்சிக்கொண்டையில் முடியின் எடை ஒரு பிரச்சினையே இல்லை. எடை மண்டைமேல் உட்கார்ந்திருக்கிறது, தொங்கவில்லை. கீழிருந்து மேலே ஏற்றப்பட்ட பிடரி முடியும் காதோர முடியும்தான் கத்துகின்றன.

நேரம் என்பது எளிது. இரண்டு மணி நேரக் கச்சேரிக்கு இறுக்கமான கொண்டை போட்டால் பெரிய கெடுதல் இல்லை. காலை ஏழு மணிக்குப் பின்னியதை இரவு பத்து மணிக்கு அவிழ்ப்பது, அதையும் தினமும் ஒரே இடத்தில் கட்டுவது, இதுதான் சேதம் செய்யும். மாதக்கணக்கில், வருடக்கணக்கில் ஒரே மயிர்க்கால்கள் இழுபட்டுக்கொண்டே இருந்தால் அங்கே முடி மெலிந்து, பிறகு உதிர்ந்து, நெற்றியோரம் பின்வாங்கும். இதை இழுவை முடியுதிர்வு என்கிறார்கள், மருத்துவர் டிராக்ஷன் அலோபீசியா என்று எழுதுவார். இதைப் பற்றிய முதல் மருத்துவக் குறிப்பு 1907-ல் கிரீன்லாந்துப் பெண்களைப் பார்த்து எழுதப்பட்டது. அவர்கள் முடியை உச்சியில் இறுக்கிக் கட்டும் வழக்கம் உள்ளவர்கள். தலைமுடியை முறுக்கி உச்சியில் கட்டும் சீக்கிய ஆண்களிடமும் இது கண்டறியப்பட்டிருக்கிறது. ஆரம்பத்திலேயே கட்டை மாற்றினால் முடி திரும்ப வளரும். நாள்பட்டுவிட்டால் மயிர்க்கால் தழும்பாகிவிடும். அதன் பிறகு வளராது.

"இறுக்கிப் பின்னினால் முடி வளரும்" என்று சொல்பவர்களுக்கு இந்தப் பத்தியைக் காட்டலாம். முடி மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் வளரும். அந்த வளர்ச்சி மயிர்க்காலின் அடியில் நடக்கிறது. வெளியே இழுத்து அதை வேகப்படுத்த முடியாது. பின்னல் போட்டால் நுனி உரசாமல், உடையாமல் தப்பும், அதனால் நீளம் தங்கும். அந்த நன்மை தளர்வான பின்னலிலும் அப்படியே கிடைக்கும்.

ஆக, எந்தக் கட்டைப் பார்த்தாலும் நான்கு கேள்வி கேளுங்கள். இழுப்பு எத்தனை முடிக்குப் பங்காகிறது? எவ்வளவு இறுக்கம் பூட்டப்பட்டிருக்கிறது? முடி தன் சாய்விலேயே போகிறதா? எத்தனை மணி நேரம் அப்படியே இருக்கும்?

## தினமும் போடக்கூடிய கட்டுகள்

### தளர்வான ஒற்றைப் பின்னல்

நோகும் தலைக்கு இதைவிட நல்ல கட்டு இல்லை என்பது என் கருத்து. நம்மூரில் பலர் பின்னலை மண்டையின் நடுவிலிருந்தே இறுக்கத் தொடங்குகிறார்கள். அங்கேதான் சிக்கல். முடியைப் பின்னால் வாரி, பிடரிமுடி முடியும் இடத்துக்குக் கீழே, கழுத்தின்மேல் வைத்து மூன்று கால் பிரியுங்கள். முதல் மூன்று பின்னலைத் தளர விடுங்கள். தலைத்தோலுக்குத் தெரிவது அந்த மூன்றும்தான். அதற்குக் கீழே எவ்வளவு இறுக்கினாலும் அது முடிக்கும் முடிக்கும் நடுவிலான சங்கதி, தோலுக்குப் போகாது. ஆகவே அலுவலகத்தில் கலையக் கூடாது என்றால் நடுவிலிருந்து கீழே நன்றாக இறுக்கிக்கொள்ளுங்கள், அடியை விட்டுவிடுங்கள்.

பின்னி முடித்ததும் இரண்டு கையாலும் பின்னலின் அடியைப் பிடித்துத் தலையை நோக்கி லேசாக ஒரு தள்ளு தள்ளுங்கள். பூட்டியிருந்த இழுப்பு இறங்கும். கண்ணாடியில் ஒன்றும் மாறியிருக்காது.

சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு சோதனை: புருவத்தை நன்றாக உயர்த்துங்கள், வாயை அகலத் திறவுங்கள், தாடையை நெஞ்சுக்குக் கொண்டுபோங்கள். எங்காவது சுருக்கென்று இழுத்தால் அந்த இடத்தில் இறுக்கம் அதிகம். ஆள்காட்டி விரலை நுழைத்துக் கொஞ்சம் முடியை வெளியே தளர்த்திவிடுங்கள்.

### சொருகு கொண்டை

ரப்பர் பேண்ட் வேண்டாம், கிளிப் வேண்டாம். முடியை அள்ளி, முறுக்கி, பிடரியில் சுற்றி, நுனியை உள்ளே சொருகிவிடுவது. பாட்டிமார்கள் பேசிக்கொண்டே ஒரே வீச்சில் முடிந்துகொள்வார்களே, அதுதான். நான்கு கேள்வியிலும் இது தேறுகிறது. விளிம்பு முழுவதும் பங்கு இருக்கிறது, ரப்பரின் பிடி இல்லை, பிடரியில் இருப்பதால் சாய்வும் கெடுவதில்லை. நேரம் பற்றிய கேள்விக்கு இது தானாகவே பதில் சொல்லும். இரண்டு மணி நேரத்தில் அவிழ்ந்துவிடும், நாமும் மறுபடி முடிவோம், ஒவ்வொரு முறையும் கொஞ்சம் இடம் மாறும். அவிழ்வதைக் குறை என்று நினைக்க வேண்டாம்.

ஷாம்பு போட்ட அன்று வழுக்கும். அப்போது இரண்டு கொண்டை ஊசி போதும். ஊசியைத் தலைத்தோலை உரசியபடி குத்தாமல், கொண்டையின் வெளிவிளிம்பையும் அதை ஒட்டிய முடியையும் சேர்த்துப் பிடித்து, பிறகு உள்நோக்கித் திருப்பிச் செருகுங்கள். கையை எடுத்த பின்னும் ஊசி இருப்பது தெரிந்துகொண்டே இருந்தால் அது தோலில் குத்துகிறது என்று அர்த்தம்.

### கிளட்ச் கிளிப்

நகம் மாதிரி பல் உள்ள பெரிய கிளிப். இது ரப்பர் பேண்டைவிட நல்லது, ஏனென்றால் ஒரே புள்ளியில் பிடிக்காமல் பரவலாகப் பிடிக்கிறது. நீளமுடிக்குச் சின்ன கிளிப் வாங்காதீர்கள். பாதி முடி நிற்காமல் சரிய, மீதி முடி எல்லாவற்றையும் சுமக்கும். பல் நுனி உருண்டையாக இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்து வாங்குங்கள். ஹெல்மெட் போடும்போதும், பேருந்தில் சாய்ந்து தூங்கும்போதும் கழற்றிவிட வேண்டும். அழுத்தமும் இழுப்பும் சேர்ந்தால் தலை இரண்டு மடங்கு நோகும்.

### இரட்டைப் பின்னல்

சுமை இரண்டாகப் பிரிகிறது, அதனால் நல்லது என்று தோன்றும். பாதி சரி. நடுவகிடு எடுத்து இரண்டு பக்கமும் இழுக்கும்போது வகிட்டை ஒட்டிய முடி எதிரெதிர்த் திசையில் இழுபடுகிறது. வருடக்கணக்கில் ஒரே வகிடு என்றால் அங்கே கோடு அகலமாவதைப் பார்க்கலாம். பள்ளிக்கூடத்தில் இரட்டைப் பின்னலை மடித்து ரிப்பன் கட்டி அனுப்பச் சொல்வார்கள். மடிப்பதால் எடை கூடுவதில்லை, காதுக்குப் பக்கத்தில் ரிப்பனைச் சுருக்குப் போட்டு இறுக்குவதுதான் நோகும். சாயங்காலம்வரை கலையக் கூடாதே என்று அம்மா இறுக்குகிறார், அவர் கவலையும் நியாயம்தான். அடியைத் தளர்த்தி, மடித்த பின்னலின் நடுவில் ரிப்பனைக் கட்டினால் இரண்டும் நடக்கும். வகிட்டை வாரத்துக்கு ஒரு முறையாவது அரை விரல் தள்ளி எடுங்கள். பள்ளி விட்டு வந்ததும் முதல் வேலையாக அவிழ்த்துவிடுங்கள்.

### குதிரைவால்

வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். அழகாக இருக்கிறது, அரை நிமிடத்தில் முடிகிறது. நீளமுடியில் வால் நீளமாக ஆடும், ஒவ்வொரு ஆட்டமும் விளிம்பில் ஒரு சின்ன இழுப்பு. போட்டே ஆக வேண்டுமென்றால் பிடரியில் தாழ்வாக, துணி சுற்றிய ஸ்க்ரஞ்சியால், ஒரு சுற்றுக் குறைவாக.

### குளித்த நாளில்

தலைக்குக் குளித்துவிட்டு, இரண்டு காதோரமும் கொஞ்சம் முடி எடுத்து நடுவில் மெல்லியதாகப் பின்னி, மீதியை விரித்துவிட்டு நுனியில் ஒரு முடிச்சுப் போடுவது பழைய வழக்கம். நோகும் தலைக்கு இது நல்ல ஓய்வு நாள். முடி தன் எடையைத் தானே சுமக்கிறது, நுனி முடிச்சு பறக்காமல் பார்த்துக்கொள்கிறது. ஒன்றே ஒன்று: காதோரம் எடுக்கும் முடி மெல்லியது என்று மேலே பார்த்தோம். அதை இழுத்துப் பின்னக் கூடாது.

## ஈரத்தோடு கட்டாதீர்கள்

இதற்கு மட்டும் தனித் தலைப்பு கொடுப்பது காரணத்தோடுதான். காலை நேர அவசரத்தில் ஈரமுடியைப் பின்னிக்கொண்டு ஓடுவது அதிகம் நடக்கிறது.

நனைந்த முடிக்குள் தண்ணீர் புகுந்து, புரத இழைகளைப் பிடித்துவைத்திருக்கும் மெல்லிய பிணைப்புகளைத் தற்காலிகமாகத் தளர்த்திவிடும். அதனால் ஈரமுடி உலர்முடியைவிட அதிகமாக நீளும், எளிதில் சேதமாகும். ஈரத்தில் கட்டும்போது எவ்வளவு இறுக்குகிறோம் என்பது நமக்கே தெரிவதில்லை. முடி கொடுத்துக்கொண்டே போகும். காய்ந்த பிறகு அது தன் அளவுக்குத் திரும்ப முயலும்போது கட்டு இன்னும் இறுகினது போல் இருக்கும்.

அடர்த்தியான பின்னலின் அடி முழுநாளும் காயாது என்பது அடுத்த சிக்கல். எல்லார் தலையிலும் மலசீசியா என்ற பூஞ்சை இயல்பாகவே வசிக்கிறது. தலைத்தோலில் சுரக்கும் எண்ணெய்தான் அதன் சாப்பாடு. அந்த எண்ணெயை அது உடைக்கும்போது வெளிவரும் சில பொருட்கள் சிலருக்குத் தோலை உறுத்தி, அரிப்பும் பொடுகும் தருகின்றன. வெப்பமும் ஈரமும் அதற்கு வசதி. சென்னை வெயிலில் ஈரக் கொண்டை போட்டால் இரண்டும் இலவசம்.

தேங்காய் எண்ணெயைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடலாம். முடித்தண்டுக்கு அது நல்லது. முடிக்குள் ஊடுருவிப் புரத இழப்பைக் குறைக்கும் என்பது ஆய்வில் காட்டப்பட்ட விஷயம். ஆனால் பொடுகும் அரிப்பும் உள்ள தலைத்தோலில் எண்ணெயை ஊறவைப்பது பூஞ்சைக்குப் பந்தி வைக்கிற வேலை. அப்படிப்பட்டவர்கள் காதுக்குக் கீழே உள்ள முடிக்கு மட்டும் எண்ணெய் தடவலாம்.

துவட்டுவதற்குக் கனமான டர்க்கி டவலை நெற்றியில் முறுக்கிக் கட்ட வேண்டாம். ஈரமுடியும் ஈர டவலும் சேர்ந்து முன்னந்தலை முடியை இழுக்கும். ஈரிழைத் துண்டுபோல ஒன்றால் ஒற்றி எடுத்து, தோளில் விரித்துவிடுங்கள். சிக்கு எடுப்பதை நுனியிலிருந்து தொடங்கி மேலே வாருங்கள். சிக்குக்கு மேலே முடியை ஒரு கையால் இறுகப் பிடித்துக்கொண்டால், சீப்பின் இழுப்பு அந்தக் கையோடு நின்றுவிடும், வேருக்குப் போகாது. அகலப் பல் சீப்பு அவசியம். பேன் சீப்பை பேனுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

## பூ, சவுரி, ஊசி

ஒரு முழம் மல்லிகைக்கு யாருக்கும் தலை வலிக்காது. விசேஷ வீட்டில் தண்ணீர் தெளித்த சரத்தை ஐந்தாறு சுற்றுச் சுற்றி, எல்லாவற்றையும் ஒரே ஹேர்பின்னில் உச்சிக்குப் பக்கத்தில் தொங்கவிடும்போதுதான் பந்தல்காரர் கதை திரும்புகிறது. பூவைப் பின்னலின் உடம்போடு இரண்டு மூன்று இடத்தில் பிணைத்தால் சுமை பின்னல் முழுவதற்கும் பிரியும்.

சவுரியும் குஞ்சலமும் உண்மையிலேயே கனம் கூட்டுகிற சாமான்கள். பரதநாட்டியம் ஆடுபவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். சொந்த முடியை மூன்றில் ஒரு பங்காக எடுத்து அதில் சவுரியைக் கட்டாமல், முழு முடியையும் சேர்த்துப் பிடித்துக் கட்டினால் பரவாயில்லை. நிகழ்ச்சி முடிந்ததும் ஒப்பனை கலைக்கும் முன்னால் சடையை அவிழ்த்துவிடுங்கள்.

சிலருக்கு இழுப்பே இல்லாமலும் தலை அரிக்கும், எரியும். சாமான் காரணமாக இருக்கலாம். மலிவான உலோக ஊசிகளில் உள்ள நிக்கல், ரப்பர் பேண்டில் சேர்க்கும் ரசாயனங்கள், வாசனை எண்ணெய், தலைச்சாயத்தில் உள்ள பி.பி.டி. என்ற ரசாயனம் ஆகியவை ஒவ்வாமை தரக்கூடியவை. பி.பி.டி. 'கருப்பு மெஹந்தி' என்று விற்கும் பொடிகளிலும் இருப்பதுண்டு, இலைப் பச்சை மருதாணியில் அது கிடையாது. சாயம் போட்ட ஓரிரு நாளில் அரிப்பு, வீக்கம் என்றால் கொண்டையைக் குறை சொல்லிப் பயனில்லை.

## இரவில்

விரித்துப் படுத்தால் நீளமுடி சிக்காகும், உடம்புக்கு அடியில் மாட்டிக்கொண்டு புரளும்போது இழுக்கும். பகலில் போட்ட பின்னலோடு படுப்பதும் சரியில்லை, பதினைந்து மணி நேர இழுப்பு இருபத்துநான்காகிவிடும். பகல் கட்டை அவிழ்த்து, அரை மணி நேரம் சும்மா விட்டு, விரல் நுனியால் தலைத்தோலைத் தடவிக்கொடுங்கள். பிறகு பகலில் பின்னியதைவிட இன்னும் கீழே, தோளுக்கு முன்னால் கொண்டுவந்து, தொளதொளவென்று பின்னி, நுனியில் ஒரு பருத்தி நாடா கட்டிப் படுக்கலாம்.

பகலில் பிடரி, இரவில் தோளோரம், குளித்த அன்று விரிப்பு, ஒருநாள் கிளிப் என்று மாற்றிக்கொண்டே இருந்தால் எந்த மயிர்க்காலும் நீண்ட நேரம் ஒரே இழுப்பில் மாட்டாது.

## மருத்துவரிடம் போக வேண்டிய நேரம்

கட்டைத் தளர்த்திச் சில வாரங்கள் ஆகியும் நோவு குறையாவிட்டால் தோல் மருத்துவரைப் பாருங்கள். தடித்த செதில், சீழ்க்கட்டி, வட்டமாக முடி கொட்டுதல், நெற்றியோரம் பின்வாங்குதல் இருந்தால் அந்தச் சில வாரமும் காத்திருக்க வேண்டாம். தலையின் ஒரு பக்கம் மட்டும் எரிந்து, ஓரிரு நாளில் கொப்புளம் தோன்றினால் அது அக்கியாக இருக்கலாம், சீக்கிரம் மருந்து தொடங்கினால் நல்லது.

ஒன்றை மட்டும் அவசரம் என்று குறித்துக்கொள்ளுங்கள். ஐம்பது வயது தாண்டிய ஒருவருக்குப் புதிதாகக் கன்னப்பொறியில் தலைவலி, சீப்பு பட்டால் நோவு, மெல்லும்போது தாடை வலி, பார்வை மங்கல் வந்தால் அது ரத்தக்குழாய் வீக்கமாக இருக்கலாம். சிகிச்சை தாமதமானால் பார்வையே போகக்கூடும். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

தோல் மருத்துவரிடம் போகும் நாளில் எண்ணெய் வைக்காமல், பூ வைக்காமல், எளிதில் அவிழ்க்கும்படி முடிந்துகொண்டு போங்கள். தலைத்தோலை அவர் பார்க்க வேண்டும். தினமும் எப்படிக் கட்டுகிறீர்கள், எத்தனை மணி நேரம், எந்த இடத்தில் முதலில் நோகிறது, அவிழ்த்த பிறகு எவ்வளவு நேரத்தில் குறைகிறது என்பதை அவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லிவிடுங்கள். வழக்கமாகப் போடும் கட்டை வீட்டில் யாரையாவது பின்னாலிருந்து போட்டோ எடுக்கச் சொல்லிக் கையோடு கொண்டுபோனால் இன்னும் நல்லது.